வாசகர் கடிதமும் வரலாறும்: அமெரிக்கச் சித்திரக்கதை இரசிகர் பற்றி ஒரு நோக்கு

இலக்கிய வரலாற்றை எழுதப் புகுவோர் ஆசிரியரைப் பற்றி எழுதுவர். நூலைப் பற்றி எழுதுவர். நூலை ஆதரித்த புரவலரையும், அதனை அச்சிட்டு விற்ற பதிப்பாளரையும் பற்றிக்கூட எழுதுவர். அந்நூலை வாங்கிப் படித்தவன் யாது நினைத்தான் என்ற வினா மட்டும் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. எழுப்பினாலும் விடை காண்பதற்குரிய சான்று கிடைப்பது அரிது. படித்தவன் படித்துவிட்டுப் போய்விடுகிறான். அவன் மனத்தில் எழுந்த எண்ணங்கள் அவனோடு மறைந்துபோகின்றன. இப்பொது நிலைக்கு ஒரு புறநடையாக அமைவது ஐக்கிய அமெரிக்காவின் சித்திரக்கதை ஏடுகளின் வரலாறாகும். கற்றோரால் நெடுங்காலம் இலக்கியமென மதிக்கப்படாத, படித்ததும் வீசியெறியப்படுவதற்கென்றே மலிவுத் தாளில் அச்சிடப்பட்ட இவ்வேடுகளைப் படித்தவர்கள், தாம் அண்மையிற் படித்தவற்றைப் பற்றித் தமக்குள்ளே கடிதம் எழுதிக்கொண்டனர். பின்னர் அக்கடிதங்களைப் பிரதிசெய்து சிற்றேடுகளாக்கினர். அச்சிற்றேடுகளிலிருந்து ஒரு விமரிசன மரபும் ஒரு வரலாற்றெழுத்தும் தோன்றின. அம்மரபின் தோற்றத்தையும், அது சாதித்தவற்றையும் தவறவிட்டவற்றையும் நோக்குவதே இக்கட்டுரையின் பொருளாகும்.

சித்திரக்கதை ஏட்டின் பிறப்பு மிக எளிமையானது. 1933, 1934 ஆம் ஆண்டுகளில், செய்தித்தாள்களின் ஞாயிறு இதழ்களில் வெளிவந்த சித்திரத் தொடர்களைச் சுருக்கித் தொகுத்துப் பத்துச் சத விலைக்கு விற்கும் முயற்சி வெற்றி பெற்றது. 'பேமஸ் பன்னீஸ்' என்ற ஏடு இவ்வகையில் முன்னோடியாகும். பழைய தொடர்கள் தீர்ந்துபோகவே புதிய கதைகள் தேவைப்பட்டன. 1938 இல் 'அக்சன் கொமிக்ஸ்' முதலிதழில் சுப்பர்மன் தோன்றினான். அவனைப் படைத்தவர்கள் கிளீவ்லாந்து நகரைச் சேர்ந்த ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இரு இளைஞர். பதின்மூன்று பக்கங்களுக்குப் பக்கமொன்றுக்குப் பத்து டொலராக 130 டொலர் பெற்றுக்கொண்டு, அப்பாத்திரத்தின் உரிமை முழுவதையும் அவர்கள் பதிப்பாளருக்கு எழுதிக் கொடுத்தனர். இவ்வொப்பந்தம் பின்னர் நடந்த பலவற்றிற்கும் வித்தாக அமைந்ததாதலின் அதனை மனங்கொள்ளுதல் வேண்டும்.

சீகலும் ஷூஸ்டரும் எழுத்தாளராகவும் ஓவியராகவும் ஆவதற்கு முன்னர் வாசகராக இருந்தவர்கள். ஹியூகோ ஜேர்ன்ஸ்பாக் 1926 இல் தொடங்கிய 'அமேசிங் ஸ்ரோரீஸ்' என்ற விஞ்ஞானக் கதைச் சஞ்சிகை, வாசகர் கடிதங்களை எழுதியவரின் முகவரியோடு வெளியிட்டது. அற்பமாகத் தோன்றும் இவ்வழக்கம் பெரும் விளைவுகளை உண்டாக்கிற்று. தனித்தனியே வாழ்ந்த வாசகர் ஒருவரோடொருவர் நேரடியாகத் தொடர்பு கொள்ளலாயினர். பதிப்பாசிரியரின் தயவை எதிர்பாராது தாமே சிற்றேடுகளை வெளியிட்டனர். ஜூலியஸ் ஷ்வாட்ஸ், மோட் வைசிங்கர் ஆகியோர் 1932 இல் வெளியிட்ட 'த டைம் ட்ரவலர்' அத்தகையதொன்று. சீகலும் ஷூஸ்டரும் அதே காலத்தில் தமது சொந்தச் சிற்றேட்டை நடத்தினர். 'சுப்பர்மன்' என்ற பெயர் முதன்முதலில் 1933 இல் அச்சிற்றேட்டுக் கதையொன்றிலேதான் இடம்பெற்றது. இவ்வகை ஏடுகளுக்கு 'பான்சீன்' என்ற பெயர் 1940 இல் வழங்கத் தொடங்கிற்று. இக்கட்டுரையில் அவை இரசிக ஏடுகள் எனக் குறிக்கப்படும். ஆகவே, சித்திரக்கதைக்கு இரசிகர் பின்னாளிலே வந்து சேர்ந்தனர் என்று கூறுவது பொருந்தாது. இரசிகரே அதனைத் தோற்றுவித்தோரிற் சிலராவர்.

இவ்வேடுகள் பரவிய வேகத்திலேயே எதிர்ப்பும் வளர்ந்தது. 1940 ஆம் ஆண்டு மே மாதத்தில் சிக்காகோ நகரச் செய்தித்தாளொன்றில் ஸ்டேர்லிங் நோர்த் என்ற எழுத்தாளர் சித்திரக்கதை ஏடுகளைத் தேசிய அவமானமெனக் கண்டித்தார். போர் முடிந்தபின் குற்றக் கதைகளும் பயங்கரக் கதைகளும் பெருகின. 1948 இல் மேற்கு வேர்ஜீனியாவின் ஸ்பென்சர் என்ற ஊரிலும், நியூயோர்க் மாநிலத்தின் பிங்கம்டன் நகரிலும் சித்திரக்கதை ஏடுகள் குவிக்கப்பட்டுப் பகிரங்கமாகத் தீயிடப்பட்டன. நாசிகள் நூல்களை எரித்த காட்சியைச் செய்திப் படங்களில் உலகம் பார்த்து அப்போது பதினைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. எரித்தவர்களுட் பலர் பள்ளிச் சிறுவரே என்பதும், பெரியோர் அவர்களைச் சூழநின்று ஊக்கினர் என்பதும் அந்நிகழ்ச்சியை மேலும் துயரமானதாக்குகின்றன.

எதிர்ப்பியக்கத்தின் அறிவுத் தலைமையை ஏற்றவர் உளமருத்துவர் பிரெடரிக் வேர்த்தாம். அவரை வெறும் குறுகிய மனத்தினராகச் சித்திரிப்பது இரசிகரிடையே நீண்டகாலம் நிலவிய வழக்கமாகும், அது நீதியன்று. ஜேர்மனியிற் பிறந்த இவர், 1946 இல் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின மக்களுக்கென மிகக் குறைந்த கட்டணத்தில் உளமருத்துவ நிலையமொன்றை நிறுவியவர். பாடசாலைகளிலே இனப்பாகுபாடு சிறுவரின் உள்ளத்தைச் சிதைக்கின்றது என்று டெலவெயார் மாநில வழக்கில் அவர் அளித்த சாட்சியம், 1954 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அப்பாகுபாட்டைச் சட்டவிரோதமெனத் தீர்ப்பளித்ததற்கு வழிவகுத்தவற்றுள் ஒன்று. சிறுவரின் நலனில் அவருக்கிருந்த அக்கறை போலியானதன்று. ஆனால் அதே ஆண்டில் அவர் வெளியிட்ட 'அப்பாவிகளைக் கெடுத்தல்' என்ற பொருள்படும் நூல், இளைஞர் குற்றச் செயல்களுக்குச் சித்திரக்கதைகள் காரணமாகின்றன என்று வாதிட்டது. அந்நூலிற் சிறுவர் பேசுகின்றனர். ஆனால் வேர்த்தாம் கேட்க விரும்பியதையே பேசுகின்றனர்.

அக்காலத்திற் சிறுவன் ஒருவனின் வாசிப்பைச் சற்று நிதானமாக அவதானித்த கட்டுரையொன்று உண்டு. திறனாய்வாளர் றொபேட் வோர்ஷோ 1954 ஜூனில் 'கொமென்ரரி' சஞ்சிகையிலே தமது பதினொரு வயது மகன் போலைப் பற்றி எழுதினார். போல், 'ஈ.சி.' நிறுவனம் வெளியிட்ட பயங்கரக் கதைகளில் ஈடுபாடு கொண்டவன். அந்நிறுவனம் 1953 இல் தொடங்கிய இரசிகர் கழகத்தின் உறுப்பினன். இருபத்தைந்து சதம் அனுப்பியவருக்கு உறுப்புரிமை அட்டையும் சின்னமும் அஞ்சலிற் கிடைத்தன. எந்தக் கதையை எவர் வரைந்தார் என்பதெல்லாம் போலுக்குத் தெரிந்திருந்தது. தந்தையோ இக்கதைகளை விரும்பவில்லை. மகன் அவற்றைப் படியாதிருப்பின் நன்றென்றே எண்ணினார். எனினும் வேர்த்தாமின் நூல், தான் கண்டிக்கும் கதைகளின் முரட்டுத்தனத்தையே தன் வாதமுறையிலும் கொண்டிருக்கின்றது என்பதை அவர் தெளிவாகக் கண்டார். ஒரு தந்தையின் தயக்கமும் ஒரு திறனாய்வாளனின் நேர்மையும் ஒருங்கே அமைந்த இக்கட்டுரை, இரு தரப்பாரின் கூச்சலுக்கிடையே எழுந்த மிகச் சிறந்த எழுத்தெனலாம். அடுத்த ஆண்டிலே வோர்ஷோ முப்பத்தேழாம் வயதிற் காலமானார்.

1954 ஏப்ரல் 21, 22 ஆந் திகதிகளிலும் ஜூன் 4 ஆந் திகதியிலும், இளைஞர் குற்றங்கள் பற்றிய செனற் சபையின் உபகுழு நியூயோர்க்கில் விசாரணை நடத்திற்று. வேர்த்தாம் சாட்சியமளித்த அதே நாளில் 'ஈ.சி.' நிறுவனத்தின் அதிபர் வில்லியம் கெயின்சும் சாட்சியமளித்தார். வெட்டுண்ட தலையொன்றைக் காட்டும் அட்டைப்படத்தைத் தூக்கிப் பிடித்து, இது நல்ல இரசனைக்குரியதா என்று செனற்றர் கீபோவர் வினவினார். பயங்கரக் கதை ஏட்டின் அட்டைக்கு அது பொருத்தமானதே என்று கெயின்ஸ் விடை பகர்ந்தார். அவ்விடை மறுநாட் செய்தித்தாள்களில் அவரை ஏளனத்துக்குள்ளாக்கிற்று. விசாரணையில் உளமருத்துவரும் பதிப்பாளரும் விற்பனை முகவரும் பேசினர். விசாரணைக்குக் காரணமாயிருந்த சிறுவர் எவரும் அங்கே அழைக்கப்படவில்லை.

அழைக்கப்படவில்லையேயன்றி, அவர்கள் பேசாதிருக்கவில்லை. உபகுழுவுக்குக் கடிதம் எழுதுமாறு கெயின்ஸ் தம் இரசிகரை வேண்டினார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் சிறுவரின் கடிதங்கள் குழுவுக்குச் சென்றன. அவை இன்று அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. நூலக விஞ்ஞான ஆய்வாளரான கரோல் ரில்லி அவற்றை ஆராய்ந்தவர். 2010 இல் வேர்த்தாமின் சொந்தக் குறிப்புகள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஆய்வாளருக்குத் திறந்துவிடப்பட்டபோது, அவர் அவற்றையும் நூலோடு ஒப்பிட்டு 2012 இல் தம் முடிபுகளை வெளியிட்டார். சிறுவரின் வயது நூலில் மாற்றப்பட்டிருந்தது. இருவர் கூறியது ஒருவர் கூறியதாக இணைக்கப்பட்டிருந்தது. ஒருவர் கூறியது பலர் கூறியதாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஏனைய மருத்துவர் கண்டவை வேர்த்தாமே கண்டவையாகக் கூறப்பட்டிருந்தன. ஒரு சிறுவனின் துன்பத்துக்குக் காரணமாகக்கூடிய ஏனைய சூழ்நிலைகள் குறிப்பில் இருந்தும் நூலில் விடப்பட்டிருந்தன. அறுபது ஆண்டுகளாகச் சான்றென மதிக்கப்பட்டது இவ்வாறு தொகுக்கப்பட்டதே.

1954 ஒக்ரோபரிற் பதிப்பாளர் தாமே ஒரு விதிக்கோவையை ஏற்றனர். ஏட்டின் பெயரில் பயங்கரத்தைக் குறிக்கும் சொற்கள் இடம்பெறலாகாது. பேய்களும் பிணங்களும் ஓநாய் மனிதரும் தோன்றலாகாது. நன்மை எப்போதும் வெல்லவேண்டும். காவற்படையினர், நீதிபதிகள், அரச அதிகாரிகள் ஆகியோர் மீது மதிப்புக் குன்றும்படி எதுவும் காட்டப்படலாகாது. இறுதியிற் கூறப்பட்ட விதி பயங்கரக் கதையோடு தொடர்பற்றது என்பது வெளிப்படை. சிறுவரைக் காப்பதற்கென எழுந்த இயக்கம் அதிகாரத்தைக் காப்பதற்கான கருவியாக மாறியது இவ்விடத்திலேதான். இதே காலத்திற் பிரித்தானியாவும் 1955 இல் ஒரு சட்டத்தை இயற்றிற்று. பிரான்ஸ் 1949 இலேயே இயற்றியிருந்தது. தொலைக்காட்சியின் பரவலும் விநியோக நிறுவனங்களின் வீழ்ச்சியும் சேர்ந்துகொள்ள, அமெரிக்கப் பதிப்பகங்கள் பல மூடப்பட்டன.

விதிக்கோவை எவ்வாறு செயற்பட்டது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 'தீர்ப்பு நாள்' எனப் பொருள்படும் கதையொன்றை 'ஈ.சி.' நிறுவனம் 1953 இல் வெளியிட்டிருந்தது. எழுதியவர் அல் பெல்ட்ஸ்ரைன். வரைந்தவர் ஜோ ஓர்லாண்டோ. இயந்திர மனிதர் வாழும் கிரகமொன்றுக்குப் பூமியிலிருந்து ஒரு பரிசோதகர் செல்கிறார். அங்கே செம்மஞ்சள் நிற இயந்திரங்கள் நீலநிற இயந்திரங்களை ஒதுக்கி வைத்திருப்பதைக் காண்கிறார். உட்கூறுகளில் இரண்டுக்கும் வேறுபாடில்லை. அக்கிரகம் விண்வெளிக் குடியரசிற் சேர இன்னும் தகுதி பெறவில்லை எனத் தீர்ப்புக் கூறித் திரும்புகிறார். கடைசிப் படத்தில் அவர் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் ஒரு கறுப்பின மனிதர். எழுத்தாளர் ரே பிராட்பெரி இக்கதையைப் படித்துப் பாராட்டிக் கடிதம் எழுதினார். இதனை 1956 இல் மீண்டும் வெளியிட முயன்றபோது, விதிக்கோவையின் நிருவாகியான நீதிபதி சாள்ஸ் மேர்பி அம்மனிதனின் நிறத்தை மாற்றுமாறு கேட்டார். நிறத்தை மாற்றினாற் கதையே இல்லை என்பதை அவர் உணராதிருந்திருக்க முடியாது. கெயின்சும் பெல்ட்ஸ்ரைனும் மறுத்தனர். விடயத்தைப் பகிரங்கப்படுத்துவதாக எச்சரித்துக் கதையை மாற்றமின்றி வெளியிட்டனர். அந்நிறுவனம் வெளியிட்ட இறுதிச் சித்திரக்கதை ஏடு அதுவே. அதன்பின் 'மாட்' என்ற அங்கதச் சஞ்சிகையே அதற்கு எஞ்சியது.

'ஈ.சி.'யின் வாசகர் வளர்ந்தனர்; ஆனால் மறக்கவில்லை. 1960 களின் தொடக்கத்தில் எழுந்த இரசிகர் இயக்கத்தை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். டிற்றோயிற் நகரின் வெயின் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயற்கை விஞ்ஞானம் கற்பித்து வந்த ஜெரி பெயில்ஸ் என்பவர், தம் சிறுவயதிற் படித்த 'ஓல் ஸ்டார் கொமிக்ஸ்' இதழ்களைத் தேடிக்கொண்டிருந்தார். அக்கதைகளை எழுதிய கார்ட்னர் பொக்சோடு கடிதத் தொடர்பு கொண்டார். மிசூரி மாநிலத்திலிருந்து ரோய் தோமஸ் என்ற இளைஞரும் பொக்சுக்கு எழுத, பொக்ஸ் அவரைப் பெயில்சிடம் அனுப்பிவைத்தார். முன்னர் குறிப்பிட்ட ஜூலியஸ் ஷ்வாட்ஸ் அப்போது சித்திரக்கதைப் பதிப்பாசிரியராக இருந்தார். தம் இளமைக்கால அனுபவத்தை மறவாத அவர், 1961 இலே வாசகர் கடிதப் பகுதியில் முழு முகவரிகளையும் அச்சிடலானார். அதே ஆண்டு மார்ச்சு மாதத்திற் பெயில்ஸ் 'ஓல்ரர் ஈகோ' என்ற இரசிக ஏட்டின் முதலிதழை வெளியிட்டார். மதுசாரத்தின் உதவியால் ஊதா எழுத்துகளிற் பிரதி எடுக்கும் சிறு பொறியே அவரது அச்சகம். இதே காலத்தில் நியூயோர்க்கில் லூபோப் தம்பதியினர் 'சீறோ' என்ற ஏட்டில் பழைய சித்திரக்கதைகள் பற்றிய கட்டுரைத் தொடரை வெளியிட்டு வந்தனர்.

இவ்வேடுகளில் வந்த எழுத்தின் தன்மை யாது? பெரும்பகுதி, அண்மையிற் படித்த இதழ் பற்றிய கருத்துரையே. இம்மாத இதழிலே கதைப்போக்கு தொய்ந்துவிட்டது. முந்திய ஓவியரே சிறந்தவர். இன்ன இதழிற் கூறியதற்கு இது முரணாகவுள்ளது என்பன போன்றவை. பதிப்பிக்கும் கட்டுப்பாடு எதுவுமின்மையால் எழுத்துப் பிழைகளும் மிகையுணர்ச்சியும் மலிந்திருந்தன. ஆயினும் அக்கருத்துரைகளிடையே ஒரு வினா இடையறாது எழுந்தது: இதனை எழுதியவர் யார்? வரைந்தவர் யார்? பெரும்பாலான ஏடுகள் படைப்பாளர் பெயரை வெளியிடவில்லை. இரசிகர் கோட்டின் போக்கையும், நிழல் தீட்டும் முறையையும், உரையாடலின் நடையையும் ஒப்பிட்டுப் படைப்பாளரை இனங்காணலாயினர். ஆசிரியர் பெயர் தெரியாத பழம்பாடலை நடை கொண்டு இன்னார் பாடியதெனத் துணியும் புலவரின் செயலுக்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை.

'டொனால்ட் டக்' கதைகளை இருபது ஆண்டுகளுக்கு மேலாக எழுதி வரைந்த கார்ல் பார்க்சின் பெயர் வாசகருக்குத் தெரியாது. 'நல்ல வாத்து ஓவியர்' என்றே அவர்கள் அவரை வழங்கினர். 1960 ஆம் ஆண்டளவில் சில இரசிகர் பெயரையும் முகவரியையும் கண்டுபிடித்துக் கடிதம் எழுதியபோது, பார்க்ஸ் அதனை யாரோ செய்யும் கேலியென முதலில் எண்ணினார். அறுபதை அண்மித்துக்கொண்டிருந்த அக்கலைஞருக்குத் தம்மைப் படித்தவர் ஒரு கூட்டமாக இருந்தனர் என்பதே புதுச் செய்தியாக இருந்தது. பெயில்ஸ், ஹேம்ஸ் வெயர் என்பவரோடு சேர்ந்து 1973 முதல் 1976 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்ட அமெரிக்கச் சித்திரக்கதைப் படைப்பாளர் அகராதி, இத்தகைய தேடல்களின் திரட்டு. பல்கலைக்கழக மானியம் எதுவுமின்றிச் செய்யப்பட்ட பணி அது.

செய்தித்தாட் சித்திரங்களுக்கு இத்தொண்டைச் செய்தவர் பில் பிளாக்பேட். நூலகங்கள் பழைய செய்தித்தாள்களை நுண்படமெடுத்தபின் மூலத் தாள்களைக் கழித்து வந்தன. வண்ணச் சித்திரங்கள் நுண்படத்திற் கருமைத் தீற்றல்களாயின. தனியாருக்குத் தாள்களைக் கொடுக்க நூலகங்கள் தயங்கவே, பிளாக்பேட் 1968 இல் தம் வீட்டையே 'சான்பிரான்சிஸ்கோ சித்திரக்கதைக் கலைக்கழகம்' எனப் பதிவுசெய்தார். 1998 இல் அச்சேகரிப்பு ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது, எழுபத்தைந்து தொன் தாள்களை ஏற்றிச்செல்ல ஆறு பெரிய பாரவூர்திகள் தேவைப்பட்டன. ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊரூராக அலைந்த நம் பதிப்பாசிரியரின் அநுபவங்களை அறிந்தவர்கள் இச்செய்தியின் பொருளை எளிதில் உணர்வர். கறையானுக்குப் பதிலாக இங்கே நூலகர் இருந்தனர் என்பதே வேறுபாடு.

இரசிக இயக்கத்தின் இன்னொரு முகத்தையும் நோக்கவேண்டும். 1970 இல் றொபேட் ஓவர்ஸ்ட்றீற் பழைய ஏடுகளின் விலைப்பட்டியலை வெளியிட்டார். அதுவரை பண்டமாற்றாக நடந்த கொடுக்கல் வாங்கல் சந்தையாயிற்று. பில் சூலிங் 1970 களிற் பதிப்பாளரிடம் நேரடியாக வாங்கி இரசிகர் கடைகளுக்கு வழங்கும் முறையைத் தொடங்கினார். விற்காத பிரதிகளைத் திருப்பியனுப்ப முடியாது என்பது நிபந்தனை. சிறு பதிப்பாளர் தழைக்க இம்முறை உதவிற்று. அதே வேளையில், மூலைக்கடையிற் சில்லறைக்கு வாங்கிப் படித்த சிறுவரிடமிருந்து சித்திரக்கதை படிப்படியாக விலகியது. 'அக்சன் கொமிக்ஸ்' முதலிதழின் ஒரு பிரதி 2014 இல் 32 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. இத்தகைய பிரதிகள் பிளாஸ்ரிக் உறையில் முத்திரையிட்டு வைக்கப்படுகின்றன. அவற்றை எவரும் படிக்க முடியாது. வாசிப்பிற் பிறந்த இயக்கம் வாசிக்கமுடியாத பொருளொன்றைப் படைத்தது.

இரசிகர் எழுதிய வரலாறு முழுமையானதன்று. தம்மைப் போன்ற வாசகர் விரும்பியவற்றையே அவர்கள் தேடினர். அவர்களுட் பெரும்பாலோர் வெள்ளையின ஆண்கள். அவர்கள் விரும்பியவை வீரசாகசக் கதைகள். 1947 இல் ஜோ சைமனும் ஜக் கேர்பியும் தொடங்கிய காதற் சித்திரக்கதைகள் பெருந்தொகையாக விற்பனையாயின; அவற்றைப் படித்த பெண்கள் இரசிக ஏடுகளில் இடம்பெறவில்லை. 1947 இற் பிலடெல்பியாவில் ஓரின் எவன்ஸ் என்ற பத்திரிகையாளர், கறுப்பினக் கலைஞரைக் கொண்டே 'ஓல் நீக்ரோ கொமிக்ஸ்' என்ற ஏட்டை வெளியிட்டார். ஒரே இதழோடு நின்றுபோன அம்முயற்சியும், 1937 முதல் கறுப்பினச் செய்தித்தாள்களில் வரைந்த ஜக்கி ஓர்ம்சின் தொடர்களும் நெடுங்காலம் கவனிக்கப்படவில்லை. ஓவியர் ட்றீனா றொபின்ஸ் 1985 இல் கதரின் ஐரன்வூட்டோடு சேர்ந்து பெண் சித்திரக்கதைக் கலைஞர் வரலாற்றை எழுதினார். பெண்கள் இத்துறையில் இருந்ததே இல்லை என்று தமக்குக் கூறப்பட்டதை மறுக்கவேண்டியே அப்பணியில் அவர் இறங்கினார். வரலாற்றில் விடுபட்டோரைத் தேடியவர்களின் வரலாற்றிலும் விடுபட்டோர் இருந்தனர்.

வேர்த்தாமின் இறுதி நூல் இங்கே குறிப்பிடற்பாலது. 1973 இல் வெளிவந்த அது இரசிக ஏடுகளைப் பற்றியது. அதில் அவர் அவற்றைப் பாராட்டினார்! இலாப நோக்கமின்றி, தணிக்கையின்றி, இளைஞர் ஒருவரோடொருவர் தொடர்புகொள்ளும் ஆக்கபூர்வமான சாதனமென அவற்றை அவர் கருதினார். இருபது ஆண்டுகளுக்கு முன் சீரழிந்தோராக அவர் வருணித்த வாசகரே அவ்வேடுகளை நடத்தியவர்கள் என்பதை அவர் எவ்வளவிற்கு உணர்ந்தாரோ! இரசிகர் அவரை மன்னிக்கவில்லை.

இவ்வியக்கம் நிகழ்த்திய நற்செயல்களிற் பகிரங்கமாக அறியப்பட்டது சீகல், ஷூஸ்டர் ஆகியோரின் வழக்கே. வறுமையில் வாடிய இருவருக்காகவும் 1975 இல் நீல் அடம்ஸ், ஜெரி றொபின்சன் முதலிய ஓவியர் குரலெழுப்பினர். சுப்பர்மன் திரைப்படத்தைத் தயாரிக்கவிருந்த நிறுவனம் அவ்வாண்டு டிசெம்பரில் இருவருக்கும் ஆண்டுதோறும் 20,000 டொலர் வழங்கவும், பெயர்களை மீண்டும் அச்சிடவும் இணங்கிற்று. ஆனால் இரசிகரின் வரலாற்றுணர்வுக்கு உரைகல்லாகக் கொள்ளத்தக்கது பில் பிங்கரின் கதையாகும்.

1939 முதல் பட்மன் கதைகள் யாவற்றிலும் பொப் கேன் என்ற ஒருவரின் பெயரே பொறிக்கப்பட்டது. அவரது ஒப்பந்தம் அவ்வாறு கூறிற்று. 1965 இல் நியூயோர்க்கில் நடந்த இரசிகர் மாநாட்டிற் பிங்கர் கலந்துகொண்டு, தாம் முதற்கதையை எழுதியதையும் பட்மனின் தோற்றத்தை வகுப்பதிற் பங்குகொண்டதையும் விளக்கினார். அவரைக் கண்டு உரையாடிய பெயில்ஸ் அவ்வாண்டு செப்ரெம்பரில் இரண்டு பக்கக் கட்டுரையொன்றை எழுதி, இரசிகர் சிலருக்குள் மட்டும் சுற்றிவந்த ஏட்டில் வெளியிட்டார். பட்மனின் முகமூடியும் அங்கியும் அமைந்த விதம், அவனது நகரத்தின் பெயர், கதையின் இருண்ட தொனி ஆகியவற்றிற் பிங்கரின் கை இருந்தது என்பது இன்று ஒப்புக்கொள்ளப்பட்டது. அன்று பொப் கேன் சினங்கொண்டு நீண்ட கடிதமொன்றை எழுதினார். பட்மனைப் படைத்தவர் தாம் ஒருவரே என்றும், பிங்கர் கூறியவை முதுமையின் மறதியில் விளைந்தவை என்றும் வாதிட்டார். பிங்கருக்கு அப்போது ஐம்பத்தொரு வயது.

பிங்கர் 1974 ஜனவரியில் இறந்தார். அதுவரை அவர் பெயர் பட்மனின் படைப்பாளராக எங்கும் அச்சிடப்படவில்லை. பொப் கேன் 1989 இல் வெளியிட்ட தன்வரலாற்றில், பிங்கருக்குரிய மதிப்பைத் தாம் வழங்கியிருக்கவேண்டும் என ஒப்புக்கொண்டார். எனினும் ஒப்பந்தம் மாறவில்லை. இரசிகர் தொகுத்த பழைய குறிப்புகளையும் பெயில்சின் கட்டுரையையும் பின்தொடர்ந்து மார்க் ரைலர் நோபிள்மன் என்ற எழுத்தாளர் பிங்கரின் வாழ்க்கையை ஆராய்ந்து 2012 இல் நூலாக்கினார். அவ்வாராய்ச்சியின்போது பிங்கருக்குப் பேத்தியொருத்தி இருப்பது தெரியவந்தது. குடும்பத்தினர் நிறுவனத்தோடு பேசினர். 2015 இலையுதிர் காலம் முதல், பொப் கேனின் பெயரையடுத்துப் பிங்கரின் பெயரும் பட்மன் கதைகளில் இடம்பெறுகின்றது. 2017 டிசெம்பரில் நியூயோர்க்கின் பிறொங்ஸ் பகுதியில், இருவரும் ஒரு காலத்தில் அமர்ந்து கதை பேசிய பூங்காவின் அருகேயுள்ள தெருமுனையொன்றுக்குப் பில் பிங்கரின் பெயர் சூட்டப்பட்டது. பெயில்ஸ் 2006 இலேயே காலமாகிவிட்டார்.